நடு சீட்டை எடுத்துவிட்ட கதை

1

இந்த ஊருக்கு வந்து இருபது வருடம் முடிந்த அன்று காலையில் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். இரண்டும் ஒரே நாளில் வந்தது தற்செயல்தான். நான் வேலை பார்க்கும் புறநகர் ரயில்வேக்கு இனி வாங்கப்போகும் பெட்டிகளில் ஒரு பக்கம் மூன்று பேர், மறுபக்கம் இரண்டு பேர் என்ற பழைய சீட்டு வரிசை வேண்டாம், இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பேர் உட்கார்ந்தால் போதும் என்று அதில் எழுதியிருந்தது. அதாவது நடு சீட்டு ஒழிந்தது. கீழே ஏழு பேர் கையெழுத்து. நான்காவது என்னுடையது.

போட்டுவிட்டு மெஷினில் காபி பிடித்துக் குடித்தேன். சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. கொஞ்ச நாளாகவே எனக்கு எல்லாம் இப்படித்தான் இருக்கிறது. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட கன்னம் போல. தொட்டால் தொட்டது தெரிகிறது, அவ்வளவுதான்.

காபி முடிவதற்குள் ஸ்டெல்லா அக்கா போன் செய்தாள். இங்கே காலை என்றால் அங்கே சாயங்காலம். மதுரையிலிருந்து திருமங்கலம் திரும்பும் பாசஞ்சரில் இருந்தாள். அந்தச் சத்தத்தை வைத்தே அவள் எங்கே இருக்கிறாள் என்று சொல்லிவிடுவேன்.

"என்னடா தம்பி, இன்னைக்கு என்ன நாளுன்னு தெரியுமா?"

"தெரியும்க்கா. இருபது வருசம்."

"ஏர்போர்ட்டுல நான் அம்புட்டு அழுதேன். நீ கல்லு மாதிரி நின்ன. இப்பவும் அதான் கண்ணுக்குள்ள நிக்கிது."

"ம்."

"என்ன ம்மு? சரி, ரீனா எப்பக் கிளம்புறா?"

"ஆகஸ்ட் கடைசிலக்கா."

ரீனா என் மகள். ஒரே பிள்ளை. பள்ளி முடித்துவிட்டாள். ஏழு மணி நேர ரயில் பயணத்தில் இருக்கும் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது. போனால் போனதுதான் என்று இங்கே பெற்றவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அவளும் நானும் ஒரு வாக்கியத்துக்கு மேல் பேசிக்கொண்டு வெகுநாள் ஆகிறது.

"போறதுக்கு முன்னாடி பிள்ளயப் பக்கத்துல உக்கார வச்சு நாலு வார்த்த பேசுறேன்னு ஈஸ்டருக்குச் சொன்ன. பேசுனியா?"

"பேசணும்க்கா."

"பேசணும், பேசணும். இன்னைக்கு என்னதான் செஞ்ச?"

"ரயில்ல நடு சீட்ட எடுத்துரலாம்னு கையெழுத்துப் போட்டேன்."

அக்கா பக்கத்தில் யாரோ சுண்டல் விற்றுக்கொண்டு போனார்கள்.

"ஏன்டா? அது உன் சீட்டுல்ல?"

2

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு அக்கா கேட்டதன் அர்த்தத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எனக்கு எட்டு வயதில் அம்மா இறந்துபோனாள். அப்பாவுக்குப் பஞ்சாலையில் ஷிப்ட் வேலை. எந்த வாரம் எந்த நேரம் வீட்டில் இருப்பார் என்பது அவருக்கே தெரியாது. அக்காவுக்குப் பதினெட்டு வயது. டைப்ரைட்டிங் ஹையர் முடித்திருந்தாள். மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க் வேலை கிடைத்தது. என்னை யாரிடம் விடுவது? "தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்து இங்கேயே சேர்த்துவிடு" என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். நாலாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை ஒன்பது வருடம், காலையில் திருமங்கலத்திலிருந்து பாசஞ்சர், சாயங்காலம் அதே போலத் திரும்ப.

அந்தப் பெட்டிகளைப் பற்றி இப்போது தொழில்முறையில் சொல்கிறேன். எங்கள் பாசஞ்சருக்கென்று யாரும் உட்கார்ந்து யோசித்துப் பெட்டி செய்ததாகத் தெரியவில்லை. தூரத்து எக்ஸ்பிரஸ்களில் ஓடி ஓய்ந்தவைதான் கடைசிக் காலத்தில் எங்களிடம் வரும். ராத்திரி முழுக்கப் படுத்துப் போகிறவர்களுக்காகச் செய்த பெட்டி. இரண்டு கோடியிலும் குறுகலான கதவு. அரைமணிப் பயணத்துக்கு மொத்தமாக ஏறி மொத்தமாக இறங்குகிற கூட்டத்துக்கு அது பொருந்தவே பொருந்தாது. இன்று என் மேசைக்கு அப்படி ஒரு பெட்டி வந்தால் முதல் பக்கத்திலேயே நிராகரித்து எழுதிவிடுவேன்.

ஆனால் நாங்கள் பொருத்திக்கொண்டோம். கதவு போதவில்லையா, ஜன்னல் கம்பி வழியாகக் கைக்குட்டையைப் போடு. கைக்குட்டை விழுந்த இடத்துக்குப் பட்டா கிடைத்த மாதிரி. ஒருத்தரும் எடுக்க மாட்டார்கள். மூன்று பேர் பலகையில் நான்கு பேர். சின்னப் பிள்ளை இருந்தால் ஐந்து.

கீரைக்காரி பஞ்சவர்ணக்கா எங்கள் பெட்டிதான். கீரைக்கட்டை ஈரச்சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வாள். அவள் ஏறும்போதே குரல் முன்னால் வரும்.

"அண்ணே, அங்கிட்டு நகருங்க. கீரைக்கும் எனக்கும் சேத்துத்தான் சீசன் டிக்கெட் எடுத்திருக்கேன்."

"இடத்தக் குடுத்தா மடத்தப் புடுங்குவ போலயே."

"மடமா இது? பாதிப் பலக! மனசிருந்தா புளிய எலையில ரெண்டு பேரு படுக்கலாம். நகருங்கண்ணே."

நகர்வார்கள். முணுமுணுத்துக்கொண்டேதான், ஆனால் நகர்வார்கள். நான் எப்போதும் நடுவில். ஒரு பக்கம் அக்கா, மறுபக்கம் பஞ்சவர்ணக்கா. என் கால்சட்டையின் வலது பக்கம் ஒன்பது வருடமும் ஈரம். வகுப்பில் பையன்கள் கேலி செய்தார்கள். ஜன்னலோரம் வேண்டும் என்று ஒருநாள் அழுதேன். கதவோரம் நிற்கிறேன் என்று இன்னொரு நாள் அடம்பிடித்தேன். அக்கா முதுகில் ஒன்று வைத்தாள்.

"நடுவுல உக்காருடா. நடுவுல உக்காந்தவன் எங்கிட்டும் தொலஞ்சு போக மாட்டான்."

அம்மா போன வருடம் அது. அக்காவுக்குத் தொலைந்துபோவது பற்றித்தான் பயம். அது எனக்குப் புரியவே நாற்பது வயதாகிவிட்டது.

3

இங்கே வந்த முதல் வாரம் ரயிலில் ஏறினேன். கூட்டம். மூன்று பேர் சீட்டில் மூன்று ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் மரியாதையாகத்தான் கேட்டேன், கொஞ்சம் நகர்ந்தால் நானும் உட்கார்ந்துகொள்வேன் என்று. ஓரத்தில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மன்னிப்புக் கேட்டபடி எழுந்து போனார். நடுவில் இருந்தவர் அவர் பின்னாலேயே போனார். ஜன்னலோரக்காரர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு அவரும் எழுந்துவிட்டார். மூன்று பேர் சீட்டில் நான் ஒருவன் ராஜா மாதிரி போனேன்.

அன்றைக்கே அக்காவுக்கு போன் போட்டு, "இந்த ஊர்க்காரங்க ரொம்ப நல்லவங்கக்கா, கேட்டதும் மூணு பேரும் எந்திரிச்சுக் குடுத்துட்டாங்க" என்றேன். "புண்ணியவான்கடா" என்றாள் அக்கா. அவர்கள் ஏன் எழுந்தார்கள் என்று எனக்குப் புரிய ஒரு மாதம் ஆனது. மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளோடு இடிபடுவதற்குப் பயந்து ஓடியிருக்கிறார்கள்; புரிந்த அன்று காது சூடாகிவிட்டது. பிறகு நான் யாரையும் நகரச் சொல்லிக் கேட்டதில்லை.

அடுத்தது கைக்குட்டை. கடைசி ஸ்டேஷனில் ரயில் கிளம்பப் பத்து நிமிடம் இருந்தது. ஜன்னல் திறக்காது, பரவாயில்லை, ஏறிப்போய் சீட்டில் கைக்குட்டையைப் போட்டுவிட்டு காபி வாங்க இறங்கினேன். திரும்பி வந்தால் அங்கே ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். கைக்குட்டையை கண்டக்டர் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டி, தொலைந்த பொருள் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார். போனால் போகட்டும் என்று விட முடியாது. நான் கிளம்பும்போது அக்கா ஓரத்தில் என் பெயரின் முதல் எழுத்தைத் தைத்துக் கொடுத்த கைக்குட்டை.

அந்த அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பொருளின் நிறம் என்ன, மதிப்பு என்ன, உங்களுடையதுதான் என்பதற்கு என்ன சான்று, எப்படித் தொலைத்தீர்கள். கடைசிக் கேள்விக்கு, "நான் தொலைக்கவில்லை, இடம் போட்டிருந்தேன்" என்று எழுதினேன். கவுண்டரில் இருந்தவர் இரண்டு முறை படித்தார். பேனாவால் அடித்துவிட்டு, "மறந்து விட்டுச் சென்றது" என்று தன் கையால் எழுதி, கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். கைக்குட்டை கிடைத்தது. ஆனால் நான் எதையும் மறக்கவில்லை என்பதை இன்றுவரை யாரிடமும் நிரூபிக்க முடியவில்லை.

4

பிறகு அந்த ரயில்வேயிலேயே எனக்கு வேலை கிடைத்தது. பெட்டிகள் வாங்கும் பிரிவு. பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன்.

பெட்டி வாங்குவது என்பது கடையில் தொங்குகிற சட்டையை எடுத்துப் பின்பு தையற்காரரிடம் கொடுத்துப் பிடிக்கிற வேலை. புதிதாக ஒன்றை வரைந்து செய்யச் சொன்னால் விலையும் காலமும் தாங்காது. அதனால் வேறு எங்கோ நன்றாக ஓடுகிற ஒரு மாதிரியைப் பார்த்து எடுப்போம். எடுத்த பிறகுதான் தலைவலி. எங்கள் ஆற்றுக்கு அடியில் இருக்கும் சுரங்கம் மிகப் பழையது, உயரம் குறைவு. மாடி வைத்த பெட்டி முழு உயரத்தில் நுழையாது. நகரத்துக்குள் பிளாட்பாரம் உயரம், வெளியே போகப் போகத் தரையோடு தரை. ஆகவே கதவுக்குள் படியும் வேண்டும், படியை மூடப் பலகையும் வேண்டும். பனியில் கதவு உறையக் கூடாது. மோதினால் நசுங்காமல் இருக்க இரும்பைக் கூட்டினால் எடை கூடும். எடை கூடினால் பாலத்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். எந்த மாதிரி என்று ஒரு கூட்டத்தில் முடிவாகிவிடும். அதை நம் ஊருக்குப் பொருத்துவதைப் பேசி முடிக்க வருடங்கள் ஆகும்.

இங்கே ஆட்களுக்காகப் பெட்டியை மாற்றுகிறார்கள். அங்கே பெட்டிக்காக நாங்கள் மாறிக்கொண்டோம். எது மேல் என்று என்னைக் கேட்டால் சம்பளம் வாங்குகிறவனாக முதலாவதைத்தான் சொல்ல வேண்டும்.

இந்த முறை எல்லாவற்றையும் விடப் பெரிய விவாதம் சீட்டு வரிசைதான். மூன்றும் இரண்டும் என்று வைத்தால் ஒரு பெட்டியில் நிறையப் பேர் உட்காரலாம். காகிதத்தில். நிஜத்தில் நடு சீட்டில் யாரும் உட்காருவதில்லை. இரண்டு பேருக்கு நடுவில் தோள் இடித்துக்கொண்டு போவதைவிட ஒரு மணி நேரம் நிற்பதே மேல் என்று நினைக்கிறார்கள். எங்கள் பிரிவின் தலைவி ஹெலன் அதை நன்றாகச் சொல்வார்: "காசு கொடுத்து வாங்குகிறோம், தினமும் சுமந்து போகிறோம், இரவில் துடைக்கிறோம். உட்காரத்தான் ஆள் இல்லை." நடு சீட்டை எடுத்தால் நடைபாதை அகலமாகும். ஏறி இறங்குவது வேகமாகும். எல்லாம் சரியான காரணங்கள்தான், நான் குறை சொல்லவில்லை.

வேறொரு நகரத்திலிருந்து இரண்டிரண்டு சீட்டு ரயில் ஒன்றைக் கடன் வாங்கி எங்கள் பாதையில் ஓட்டிப்பார்த்தோம். கோடை முடியும்வரை அது ஓடும். பழைய பெட்டிகளில், சீட்டு காலியாக இருக்க எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று கணக்கெடுக்கவும் முடிவானது. கணக்கெடுப்பு என் பொறுப்பு. எண்ணப் போகிறவர்களுக்கான விதிகளை ஒரு பக்கத்தில் நானே எழுதினேன். ஐந்தாவது விதி: எண்ணிக்கொண்டிருப்பவர் பயணம் முடியும்வரை தன் இடத்தை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் கணக்கு மாறிவிடும் அல்லவா.

5

ரீனா சிறுமியாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்தில் நடக்கும் தமிழ்ப் பூசைக்கு ரயிலில்தான் போவோம். மூன்று பேர் சீட்டு எங்களுக்கென்றே செய்தது போல இருக்கும். ஜன்னலோரம் என் மனைவி மெர்சி, இந்தப் பக்கம் நான், நடுவில் அவள். கால் தரையைத் தொடாது. இரண்டு கையையும் எங்கள் இரண்டு பேர் மடியிலும் வைத்துக்கொண்டு, "இது என் சீட்" என்று தமிழில் சொல்வாள். பிறகு நீச்சல் வகுப்பு, வயலின், கணக்குப் போட்டி. ஞாயிறுகள் நிறைந்தன. ரயில் போய்க் கார் வந்தது. காரில் அவள் பின்னால் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு உட்காருவாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். கேள்விகளும் பதில்களும் சின்னதாகிக்கொண்டே வந்தன. எந்த நாளில் இருந்து என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

இந்த வசந்தத்தில் நகரத்து நூலகம் ஒன்றில் வாரம் இரண்டு நாள் வேலைக்குச் சேர்ந்தாள். எந்த ரயிலில் போகிறாள் என்று எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை.

கணக்கெடுப்பில் என் முறை வந்த நாள், மூன்றாவது பெட்டியில் நடைபாதை ஓரம் உட்கார்ந்திருந்தேன். மடியில் அட்டை, பென்சில். ஜன்னலோரம் லேப்டாப்போடு ஒரு பெண். எங்கள் நடுவில் காலி. நான்காவது ஸ்டேஷனில் கதவு திறந்து ஆட்கள் ஏறினார்கள். அதில் ரீனா.

என்னைப் பார்த்தாள். சிரித்தாள். நான் நடு சீட்டைக் கண்ணால் காட்டினேன். அவள் தலையை லேசாக ஆட்டி வேண்டாம் என்றுவிட்டு, கதவோரம் கம்பியில் சாய்ந்து போனை எடுத்தாள்.

இருபத்தைந்து நிமிடம் அப்படியே நின்றாள். கையெட்டும் தூரத்தில் சீட்டு காலியாக இருக்க நிற்பவர்கள் என்று என் தாளில் ஒரு கட்டம் உண்டு. விதிப்படி அவள் அதற்குள் வருவாள். ஒரு கோடு போட்டேன். அவளுக்கு முன்னால் நான்கு கோடு இருந்ததால் அவள் கோட்டைக் குறுக்காகப் போட்டு ஐந்தாக்கினேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் கேட்டேன், "ஏன்டா, உக்காந்திருக்கலாம்ல?" என்று.

பரவாயில்லை அப்பா, நடுவில் உட்கார்ந்தால் கையை எங்கே வைப்பது என்றே தெரியாது என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பிரிட்ஜைத் திறந்து பால் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

6

இதைத்தான் கையெழுத்துப் போட்ட அன்று அக்காவிடம் சொன்னேன். அவளுடைய ரயில் திருப்பரங்குன்றம் தாண்டியிருந்தது. முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

"பிள்ள நின்னா. சரி. நீ தள்ளி உக்காந்தியா?"

"எங்க?"

"எங்கயா? நீ நடுவுல தள்ளிக்கிட்டு ஓரத்துச் சீட்ட அவளுக்குக் குடுத்தியான்னு கேக்குறேன்."

நம்புங்கள், அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. ஒரு ஜாண் நகர்ந்திருந்தால் போதும். அவள் ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள். கையை எங்கே வேண்டுமானாலும் வைத்திருப்பாள். இருபத்தைந்து நிமிடம் என் பக்கத்தில் இருந்திருப்பாள். ஒன்பது வருடம் நடு சீட்டில் வளர்ந்தவன் நான், நடு சீட்டு வேண்டாம் என்று நானும்தான் ஓரத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

"எண்ணும்போது எடம் மாறக் கூடாதுக்கா. ரூல் அது."

"எவன் போட்ட ரூலு?"

"நான்தான் போட்டேன்."

"வெளங்கிரும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இந்தா பாரு தம்பி. நான் உன்னய வையல. அம்மா போனப்பவும் நீ அழுகல, அப்பா போனப்பவும் அழுகல. ஆம்பளப் பிள்ள, உள்ளுக்குள்ள வச்சிருக்கான்னு நெனச்சுக்கிருவேன். ஆனா அந்தப் பிள்ளைக்கு அது எப்படிடா தெரியும்? போறதுக்குள்ள ஒரு தரமாச்சும் பக்கத்துல உக்காந்துரு. பேசக்கூட வேணாம். சும்மா உக்காரு."

"சரிக்கா."

"சரிங்காத. செய்யி. எனக்கு எறங்கணும், வச்சிர்றேன்."

7

ஜூலை போனது. ஆகஸ்ட்டும் பாதி போனது. சோபாவில் அவள் இருக்கும்போது போய் உட்கார்ந்தேன். அவள் சார்ஜர் எடுக்க எழுந்து போனாள், திரும்பி வரவில்லை. கடைக்குக் காரில் கூட்டிப்போனேன். பின் சீட்டில் பெட்டிகள் இருந்ததால் முன்னால்தான் உட்கார்ந்தாள். அன்று பார்த்து அவளுடைய தோழி போன் செய்தாள். குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. அவள் வயதுக்கு அவள் இருக்கிறாள். எனக்குத்தான் எங்கிருந்து தொடங்குவதென்று தெரியவில்லை. ராத்திரி மெர்சி, "பிள்ள போகப் போறா, உங்களுக்கு ஒண்ணுமே இல்லையா?" என்றாள். இருக்கிறது என்றேன். எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னால் என்னால் காட்ட முடியாது.

கிளம்பும் நாள் வந்தது. தூர ரயில் நகரத்தின் பெரிய ஸ்டேஷனிலிருந்து. அதுவரை எங்கள் புறநகர் ரயிலில் மூன்று பேரும் போவது என்று முடிவு. முந்தின நாளே மனதுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டேன். மூன்று பேர் சீட்டில் மெர்சியை ஜன்னலோரம் அனுப்ப வேண்டும். நான் நடுவில் போக வேண்டும். ரீனா ஓரத்தில். அக்கா சொன்ன மாதிரி, சும்மா உட்கார்ந்தால் போதும்.

பிளாட்பாரத்தில் வந்து நின்றது கடன் வாங்கிய ரயில். இரண்டிரண்டு சீட்டு.

எந்த நேரத்துக்கு எந்த ரயில் என்ற அட்டவணை என் மேசை மேல்தான் கிடக்கிறது. பார்க்கத் தோன்றவில்லை.

ஏறினோம். காலை நேரம், கூட்டம் குறைவு. பெரிய பெட்டியை மேலே தூக்கி வைத்தேன். மெர்சி முழங்கால் வலி என்று முதல் சீட்டில் உட்கார்ந்து, என்னைப் பார்த்துப் பக்கத்தில் தட்டினாள். உட்கார்ந்தேன். ரீனா நடைபாதைக்கு அந்தப் பக்கம் ஜன்னலோரம் போய், பக்கத்துச் சீட்டில் தன் முதுகுப் பையை வைத்தாள். எங்களுக்கு நடுவில் அகலமான நடைபாதை. எத்தனை கூட்டத்தில் பேசி, எவ்வளவு அகலம் வேண்டும் என்று நாங்கள் தீர்மானித்த நடைபாதை.

இரண்டு ஸ்டேஷன் தாண்டியதும் ரீனா சுற்றிப் பார்த்துவிட்டு என் பக்கம் சாய்ந்தாள்.

"அப்பா, இது நல்லா இருக்கு." தமிழில் சொன்னாள். பிறகு ஆங்கிலத்தில், இதைச் செய்தது நீங்கள்தானே, அன்றைக்கு எண்ணிக்கொண்டிருந்தது இதற்குத்தானே என்று கேட்டாள்.

"ஆமா."

"நானும் அந்தக் கணக்குல இருக்கேனா?"

"இருக்க. நின்னவங்க பக்கம்."

சிரித்தாள். நிஜமாகவே சந்தோஷப்பட்டுச் சிரித்தாள். என் வேலையைப் பற்றி அவள் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னது அதுதான் முதல் தடவை. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவள் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்போது போன் அடித்தது. அக்கா.

"கிளம்பிட்டீங்களாடா?"

"ரயில்ல இருக்கோம்க்கா."

"எல்லாம் எடுத்து வச்சீங்களா? பருப்புப் பொடி? அங்க சோத்துக்கு என்ன செய்வாளோ. சரி, பிள்ள எங்கிட்டு உக்காந்திருக்கா?"

அந்தப் பக்கம் பார்த்தேன். நடைபாதை, பை, அதற்கு அப்பால் ரீனாவின் தோள்.

"நடுவுலக்கா."

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுலயா?"

"ஆமாக்கா."

அக்கா மூச்சு விட்டது கேட்டது. "அப்பச் சரி. அப்பத் தொலைய மாட்டா. நானும் என்னமோ ஏதோன்னு கெடந்தேன். போய்ச் சேந்ததும் போன் போடு."

வைத்துவிட்டாள். மெர்சி என்னைப் பார்த்தாள். என் பேன்ட் பாக்கெட்டில் அக்கா தைத்துக் கொடுத்த கைக்குட்டை இருந்தது. கை அதைப் பிடித்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

அடுத்த ஸ்டேஷனில் கூட்டம் ஏறியது. ஈரத்தாளில் சுற்றிய ஒரு செடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நடுவயது மனிதர் ஒருவர் ரீனாவின் பக்கத்தில் வந்து நின்றார். பையைக் காட்டி ஏதோ கேட்டார். ஒரு வார்த்தைதான் இருக்கும். ரீனா சட்டென்று பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலோடு ஒட்டி நகர்ந்து, வாருங்கள் என்று கையைக் காட்டினாள். அவர் உட்கார்ந்தார். செடியின் ஈரம் அவளுடைய ஜீன்ஸில் பட்டிருக்க வேண்டும். அவள் குனிந்து பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று தலையசைத்து, என்ன செடி என்று அவரிடம் விசாரித்தாள். அவர் சொல்ல ஆரம்பித்தார். இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள்.

ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்தது. அடுத்தது கடைசி ஸ்டேஷன்.

"அவரு கேட்டாரு, குடுத்துட்டா" என்றாள் மெர்சி, என் பக்கம் திரும்பாமலேயே. "நீங்க கேக்கவே இல்லயே."